லேடெக்கில் உள்ள 180 பக்கப் பாடக்குறிப்பை வலைப்பக்கமாக்க வழி வேண்டும்

அணிக்கோவை எழுதியது:

வணக்கம். கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். நேரியல் இயற்கணிதத்துக்கு ஆறு வருடமாகச் சேர்த்து எழுதிய குறிப்பு ஒன்று இருக்கிறது. தமிழில், சீலேடெக்கில் (லேடெக் என்ற கணித அச்சுக்கோப்பு மொழியை ஒருங்குறித் தமிழோடு ஓட்டும் நிரல்) செய்தது, 180 பக்கம். பிடிஎஃப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். போன வாரம் கடைசி பெஞ்சில் ஒரு மாணவி அதைப் போனில் படித்துக்கொண்டிருந்ததைப் பின்னால் நின்று பார்த்தேன். ஒரு வரியைப் படிக்க இரண்டு விரலால் பெரிதாக்குகிறாள். வலது பக்கம் தள்ளுகிறாள். வரி முடிந்ததும் மறுபடி இடது பக்கம் இழுத்து, அடுத்த வரி எது என்று தேடுகிறாள். நிறுவலின் பாதியிலேயே போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அவளிடம் மடிக்கணினி கிடையாது. வகுப்பில் பாதிப் பேரிடம் கிடையாது.

அதனால் வலைப்பக்கமாக்க நினைக்கிறேன். எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்ய என்னால் முடியாது. சூத்திரங்கள், தேற்ற எண்கள், "தேற்றம் 3.7-ஐப் பார்க்க" என்று வரும் இணைப்புகள் எல்லாம் அப்படியே வர வேண்டும். அச்சுப் பிரதியும் அதே கோப்பிலிருந்து தொடர்ந்து வர வேண்டும், ஏனென்றால் தேர்வு நெருங்கினால் எல்லோரும் ஜெராக்ஸ் எடுத்துத்தான் படிப்பார்கள். பான்டாக் என்ற கோப்பு மாற்றியில் போட்டுப் பார்த்தேன். பாதித் தேற்றங்கள் தலைப்பில்லாமல் வந்தன, படங்களைக் காணோம். என்ன செய்யலாம்?

வெண்பலகை எழுதியது:

பான்டாக், லேடெக்குக்கு அடியில் இருக்கும் டெக் நிரலை ஓட்டுவதே இல்லை மேடம். உங்கள் கோப்பைத் தானே வாசித்து, தனக்குப் புரிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும். நீங்களே வகுத்த சின்னச் சின்னக் கட்டளைகளை (மேக்ரோ) விரித்துவிடும். தெரியாத கட்டளை வந்தால் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். வெர்போஸ் விருப்பத்தோடு ஓட்டுங்கள், எதையெல்லாம் தாண்டியது என்று சொல்லும். தேற்றத்துக்கு நிறப்பெட்டித் தொகுப்பு ஏதாவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? இருந்தால் காரணம் அதுதான்.

கட்டுரை, கடிதம், எளிய அறிக்கை என்றால் பான்டாக்கை மிஞ்ச ஆளில்லை. 2006-ல் ஜான் மெக்ஃபார்லேன் என்ற தத்துவப் பேராசிரியர் தொடங்கியது, இன்றும் தினமும் பயன்படுத்துகிறேன். 180 பக்கக் கணிதத்துக்கு அது சரிப்படாது.

அணிக்கோவை எழுதியது:

ஆமாம், தேற்றம் எல்லாம் நீலப் பெட்டிக்குள் வரும். வரையறை பச்சைப் பெட்டி. படங்கள் எல்லாம் லேடெக்குக்குள்ளேயே கட்டளையால் வரையும் டிக்இசட் தொகுப்பில் வரைந்தவை.

ஈய எழுத்து எழுதியது:

சென்னையில் ஆய்விதழ் அச்சுக்கோப்பு வேலையில் 14 வருடமாக இருக்கிறேன். வெளிநாட்டு இதழ்களின் லேடெக் கோப்புகளை எக்ஸ்எம்எல் (ஒவ்வொரு பகுதியும் என்ன என்று குறியிட்ட கோப்பு) ஆக்கி, அதிலிருந்து அச்சுப் பக்கமும் வலைப்பக்கமும் எடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கருவி என்று கேட்பதற்கு முன்னால் உங்கள் கோப்பைத் திறந்து ஒன்றைப் பாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் "இது என்ன" என்று எழுதியிருக்கிறீர்களா, இல்லை "இது எப்படித் தெரிய வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்களா? முதலாவது என்றால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும், இரண்டாவது என்றால் பாதி வேலை அங்கேதான் தொடங்கும்.

ஒரு கோப்பு நினைவுக்கு வருகிறது. எழுதியவர் பெரிய அறிஞர், விஷயம் கனமானது. ஆனால் உட்தலைப்பு எல்லாமே தடித்த எழுத்தில் கையால் போட்டது. "தேற்றம் 4" என்ற எண்ணையும் கையாலேயே தட்டச்சு செய்திருந்தார். ஓர் அட்டவணையை அடுத்த பக்கத்துக்குத் தள்ள மூன்று சென்டிமீட்டர் வெற்றிடம் போட்டிருந்தார். தாளில் ஒரு குறையும் தெரியாது. வலைக்கு மாற்றியதும் எல்லாம் வெளியே வந்தது. பக்கத்தின் பக்கவாட்டில் வர வேண்டிய பொருளடக்கம் காலி, ஏனென்றால் அவருடைய தலைப்புகள் எந்தக் கருவிக்கும் தலைப்பாகவே தெரியவில்லை. தேற்றம் 4-ஐத் தொட்டால் எங்கும் போகவில்லை. போதாக்குறைக்கு, நடுவர் சொன்னதால் இடையில் ஒரு தேற்றத்தைச் சேர்த்திருந்தார். அதற்குப் பின்னால் வந்த எண்கள் எல்லாம் ஒன்று தள்ளி நின்றன. எங்கள் நிறுவனத்தில் நான்கு நாள் இரண்டு பேர் உட்கார்ந்து அதைக் கையால் சரிசெய்தோம். அந்த நான்கு நாளுக்கான கூலியை யாரும் தரவில்லை என்பது வேறு கதை.

டொனால்ட் நூத் 1977-ல் டெக்கில் இறங்கியதே தாளுக்காகத்தான். தன் புத்தகத்தின் இரண்டாம் தொகுதி புதிய முறையில் அச்சுக்கோத்து வந்தபோது அதன் புரூஃப் அவருக்குப் பிடிக்கவில்லை. எழுத்தை எங்கே வைப்பது, வரியை எங்கே முறிப்பது என்பதைத் துல்லியமாகச் சொல்ல ஒரு மொழி வேண்டியிருந்தது. டெக்கின் உலகமே பெட்டியும் (எழுத்து, வரி) பசையும் (நீண்டு சுருங்கும் இடைவெளி) மட்டும்தான். அதற்கு மேல் 1980களில் லெஸ்லி லாம்போர்ட் லேடெக்கைக் கட்டியபோது சொன்னது வேறு: "எப்படித் தெரியணும் என்பதை வகுப்புக் கோப்பு பார்த்துக்கொள்ளும், இது பிரிவுத் தலைப்பு, இது தேற்றம் என்று மட்டும் நீ சொல்." வலைப்பக்கத்தின் உள்ளடக்கத்தைச் சொல்லும் எச்டிஎம்எல்லும் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸும் பிறகு செய்துகொண்ட அதே பாகப்பிரிவினை இது. லாம்போர்ட்டின் வழியில் எழுதிய கோப்பு வலைக்குச் சுலபமாகப் போகும். நூத்தின் வழியில் ஒவ்வொரு பெட்டியையும் நகர்த்தி எழுதிய கோப்பு போகாது.

இனி கருவி. முழு அளவுக் கணிதத்துக்கு எனக்குத் தெரிந்து இரண்டுதான். ஒன்று டெக்ஃபோர்எச்டி. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் எய்தன் குராரி எழுதியது, 2009-ல் அவர் காலமான பிறகு மற்றவர்கள் எடுத்து நடத்துகிறார்கள். அதில் நம் பக்கத்துத் திருவனந்தபுரத்து ராதாகிருஷ்ணனுக்கும் பங்கு உண்டு. இது நிஜமாகவே டெக்கை ஓட்டும். ஓடும்போதே பக்கத்துக்குள் கொக்கிகளைச் செருகி, வெளிவரும் டிவிஐ என்ற பக்க அமைப்புக் கோப்பிலிருந்து எச்டிஎம்எல்லைப் பிரித்தெடுக்கும். கட்டளை எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் டெக்குக்குப் புரிந்தால் போதும்.

மற்றொன்று லேடெக்எம்எல். அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட்டில் புரூஸ் மில்லர் எழுதியது. 2010-ல் வெளியான அவர்களுடைய கணிதச் சார்புகளின் மின்னூலகம் இதைக் கொண்டுதான் உருவானது. ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் ஆர்க்கைவ் தளம் 2023 டிசம்பரில் கட்டுரைகளை எச்டிஎம்எல்லாகவும் கொடுக்க ஆரம்பித்ததும் இதை வைத்துத்தான். இது டெக்கை ஓட்டாது. டெக்கின் வேலையைப் பெர்ல் மொழியில் தானே செய்து, பொருளைப் பிரித்து எக்ஸ்எம்எல் ஆக்கும். எந்தெந்தத் தொகுப்புக்கு அதனிடம் விளக்கம் இருக்கிறதோ அதெல்லாம் வரும்.

உங்கள் குறிப்பு தமிழில் இருப்பதால் லேடெக்எம்எல்லையே சொல்வேன். டிவிஐ கோப்பில் இருப்பது பெரும்பாலும் எழுத்துருவில் உள்ள வடிவத்தின் எண். ஒருங்குறியில் "கொ" என்பது ககரமும் அதன் பின்னால் ஒகரக் குறியும். தாளில் வரும்போது அது கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. அந்தத் துண்டுகளிலிருந்து எழுத்தை மறுபடி மீட்பது வலி பிடித்த வேலை. லேடெக்எம்எல் உங்கள் மூலக் கோப்பை நேரடியாக வாசிப்பதால் தமிழ் தமிழாகவே போய்ச்சேரும்.

தாளும் திரையும் எழுதியது:

மாற்றுக் கருத்து ஒன்று. ஏன் லேடெக்கிலிருந்து வலைக்குப் போக வேண்டும்? எச்டிஎம்எல்லில் எழுதுங்கள், சிஎஸ்எஸ்ஸால் அச்சிடுங்கள். பக்க எண், ஓடும் தலைப்பு, அடிக்குறிப்பு எல்லாவற்றுக்கும் இப்போது பேஜ்டு-ஜேஎஸ், வீஸிபிரிண்ட், பிரின்ஸ் என்று கருவிகள் இருக்கின்றன. சிஎஸ்எஸ்ஸை 1994-ல் முன்மொழிந்த ஹோகோன் வியும் லீ தன் நூலையே பிரின்ஸில்தான் அச்சுக்குக் கொடுத்தார். நான் இரண்டு கவிதைத் தொகுப்புகளை இப்படிச் செய்திருக்கிறேன். ஒரே கோப்பு, இரண்டு வடிவம். திரையில் நிம்மதியாகத் திருத்தலாம்.

ஈய எழுத்து எழுதியது:

கவிதைக்கு நானும் அதைத்தான் சொல்வேன் அண்ணா. மேடத்திடம் 180 பக்கம் ஏற்கெனவே லேடெக்கில் எழுதி முடித்தது இருக்கிறது. அதுபோக, பத்தி முழுவதையும் ஒரே பார்வையில் எடுத்து வரி முறிக்கும் நூத்–பிளாஸ் முறை 1981-லேயே வந்துவிட்டது. உலாவிகள் இன்றும் பெரும்பாலும் ஒவ்வொரு வரியாக நிரப்பிக்கொண்டேதான் போகின்றன. பல வரிச் சமன்பாடுகளைச் சமக்குறியில் நேர்படுத்தி, எண் போட்டு, பக்கம் பிரிப்பதில் லேடெக் தரும் அச்சுத் தரத்துக்கு மற்றவை இன்னும் வரவில்லை. ஜெராக்ஸ் எடுப்பவர்களுக்கு அது முக்கியம்.

கருந்திரை எழுதியது:

"இது என்ன" என்று எழுதச் சொன்னதற்கு யுனிக்ஸ் கையேட்டுப் பக்கங்களில் நேரடி உதாரணம் இருக்கிறது. பழைய மேன் என்ற மேக்ரோத் தொகுப்பில் விருப்பக்குறி (கட்டளையோடு சேர்க்கும் -a போன்ற குறி) என்றால் தடித்த எழுத்து, கோப்பின் பெயர் என்றால் சாய்வெழுத்து, அவ்வளவுதான். பிஎஸ்டி மரபில் வந்த எம்டாக் மேக்ரோவில் இது விருப்பக்குறி, இது உள்ளீடு, இது கோப்பின் பாதை என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி உண்டு. ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளம் பயன்படுத்தும் மேன்டாக் நிரலில் இரண்டையும் எச்டிஎம்எல் ஆக்கிப் பாருங்கள். முதலாவதில் வெறும் தடிப்பும் சாய்வும் மிஞ்சும். இரண்டாவதில் ஒவ்வொரு சொல்லுக்கும் வகுப்புப் பெயர் இருக்கும், விருப்பக்குறிக்கே தனி இணைப்புக் கொடுக்கலாம். எழுதும்போது பட்ட சிரமம் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

விரல்நுனி எழுதியது:

நான் பார்வையற்ற மாணவன், முதுகலை இரண்டாம் வருடம். மேடம், தயவுசெய்து சூத்திரங்களைப் படமாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். லேடெக்டுஎச்டிஎம்எல் என்ற பழைய மாற்றியின் காலத்தில் செய்த பாடப்பக்கங்கள் இன்னும் நிறைய வலையில் கிடக்கின்றன. ஒவ்வொரு சூத்திரமும் ஒரு சின்னப் படம். என் திரைவாசிப்பான் "படம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும், சில பக்கங்களில் கோப்பின் பெயரை வாசிக்கும். பாடத்தில் அதற்கு முன்னும் பின்னும் உள்ள சொற்கள் கேட்கும், நடுவில் கணிதம் மட்டும் இருக்காது.

கணிதத்தின் அமைப்பையே குறியிடும் மேத்எம்எல்லாக இருந்தால் பின்னத்தின் தொகுதி எது, பகுதி எது, மூலக்குறி எங்கே முடிகிறது என்று ஒவ்வொன்றாக உள்ளே இறங்கிக் கேட்க முடியும். ஓர் அணியின் இரண்டாவது நிரைக்கு மட்டும் போய் வர முடியும். இதை முதல்முறை செய்தபோது எனக்கு எவ்வளவு நேரம் மிச்சமானது என்று எழுத்தில் சொல்ல வரவில்லை.

வெண்பலகை எழுதியது:

இதற்கு மேல் யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மேத்எம்எல்லேதான். 1998-லேயே வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வந்தது, ஆனால் குரோம் 2013-ல் ஒரே ஒரு பதிப்பில் கொடுத்துவிட்டு எடுத்துவிட்டது. 2023 ஜனவரியில் 109-ஆம் பதிப்பில்தான் திரும்ப வந்தது. அதுவரை, உலாவியில் சூத்திரங்களை வரைந்து காட்டும் மேத்ஜாக்ஸ் நிரல்தான் எல்லோரையும் தாங்கியது. இப்போது ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி, குரோம் மூன்றிலும் நேரடியாகத் தெரியும். லேடெக்எம்எல் இயல்பாகவே மேத்எம்எல்தான் கொடுக்கும். ரொம்பப் பழைய போன்களுக்கு வேண்டுமானால் மேத்ஜாக்ஸைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அணிக்கோவை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. விரல்நுனி, உங்கள் பதிவை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். படமாக்க மாட்டேன்.

இரண்டு ராத்திரி உட்கார்ந்து மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் லேடெக்எம்எல்லில் ஓட்டினேன். சூத்திரங்கள் வந்துவிட்டன! "தேற்றம் 3.7" என்பதைத் தொட்டால் அந்த இடத்துக்கே போகிறது. தேற்றப் பெட்டி இருந்த இடங்களில் கட்டளையின் பெயர் சிவப்பு எழுத்தில் நிற்கிறது. ஒருசில இடங்களில் தேற்றத்தின் உரை சாய்ந்த எழுத்தில் வந்து, தமிழ் பார்க்கவே சகிக்கவில்லை. நான்குக்கு நான்கு அணி ஒன்று போனில் திரையைத் தாண்டி ஓடி, பக்கம் முழுவதையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. பத்திகள் இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும் என்று வைத்தேன், சொல்லுக்குச் சொல் ஒரு விரல் இடைவெளி.

ஈய எழுத்து எழுதியது:

நல்ல தொடக்கம் மேடம். சிவப்பில் நிற்பது அதற்குத் தெரியாத கட்டளை, மறைக்காமல் காட்டுகிறதே என்று சந்தோஷப்படுங்கள்.

கோப்பின் தலைப்பகுதியை இரண்டாகப் பிரியுங்கள். அச்சுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று. எழுத்துரு, தாள் ஓரம், நிறப்பெட்டி எல்லாம் அச்சுத் தலைக்கோப்பில் மட்டும் இருக்கட்டும். வலைத் தலைக்கோப்பில் அதே பெயரில் வெற்றுத் தேற்றச் சூழல் போதும். அத்தியாயக் கோப்புகள் இரண்டுக்கும் பொது, அவற்றில் ஒரு நிறத்தின் பெயர்கூட இருக்கக் கூடாது. லேடெக்எம்எல் ஒவ்வொரு தேற்றத்துக்கும் தேற்றம் என்று வகுப்புப் பெயர் கொடுத்துவிடும். நீலப் பெட்டியை சிஎஸ்எஸ்ஸில் நான்கு வரியில் வரைந்துகொள்ளலாம். நாளை பச்சை வேண்டுமென்றால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

சாய்வு பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. அமெரிக்கக் கணிதக் கழகத்தின் (ஏஎம்எஸ்) தேற்றத் தொகுப்பின் இயல்பான பாணி, தேற்றத்தின் உரையைச் சாய்வெழுத்தில் வைப்பது. ஆங்கில அச்சு மரபில் அதற்கென்றே தனியாக வரைந்த எழுத்து இருக்கிறது. தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலும் அது கிடையாது. உலாவி நேர் எழுத்தையே பிடித்துச் சாய்த்துவிடும். கொம்பும் சுழியும் ஒரு பக்கம் சரிந்து விழும். அந்தத் தொகுப்பில் வரையறைக்கென்று இன்னொரு பாணி இருக்கிறது, அதில் உரை நேராகவே இருக்கும். தேற்றத்துக்கும் அதையே வையுங்கள், அச்சிலும் வலையிலும். தப்பித் தவறி எங்காவது சாய்வு வந்தாலும் உலாவி செயற்கையாகச் சாய்க்காமல் இருக்க, சிஎஸ்எஸ்ஸில் ஃபான்ட்-சிந்தசிஸ் என்ற பண்பைப் பாருங்கள். அதை முழுக்க நிறுத்தினால் செயற்கைத் தடிப்பும் போய்விடும், அதனால் சாய்வை மட்டும் நிறுத்துங்கள்.

ஓடும் அணி: லேடெக்எம்எல் ஒவ்வொரு சமன்பாட்டையும் அட்டவணையாகத்தான் எழுதும். அந்த அட்டவணையின் டிஸ்பிளே பண்பை பிளாக் என்று மாற்றி, ஓவர்ஃப்ளோ-எக்ஸ் பண்பை ஆட்டோ என்று வையுங்கள். அணி மட்டும் தன் இடத்திலேயே பக்கவாட்டில் நகரும், பத்தி அசையாது.

தாளும் திரையும் எழுதியது:

இடைவெளி விஷயத்தை நான் சொல்கிறேன், இதில் அடிபட்டிருக்கிறேன். தமிழில் "எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது" மாதிரி ஒரு சொல் வந்தால் போன் திரையில் முக்கால் வரியை அதுவே பிடித்துக்கொள்ளும். மீதி இடத்தில் அடுத்த சொல் நுழையாது. இரண்டு பக்கமும் சமமாக வை என்றால் உலாவி இருக்கிற இரண்டு சொல்லையும் இழுத்துப் பரப்பத்தான் செய்யும். போனில் இடது பக்கம் மட்டும் நேராக வைத்தால் போதும், கண்ணுக்கு அதுவே நல்லது.

அகலத் திரையில் சமமாக வேண்டுமென்றால் பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல்லில் குறித்துவிட்டு, ஹைஃபன்ஸ் பண்பை ஆட்டோ என்று வையுங்கள். தமிழுக்கான சொல் முறிப்பு வடிவங்கள் டெக் உலகத்திலிருந்து வந்தவைதான், ஃபிராங்க் லியாங் 1983-ல் வகுத்த அதே முறை. புள்ளி எழுத்து வரியின் தொடக்கத்தில் வராதபடி அது பார்த்துக்கொள்ளும். ஆனால் உலாவி வரி முறியும் இடத்தில் ஒரு சிறுகோடு போடும், தமிழ்ப் புத்தகங்களில் நாம் அதைப் பெரும்பாலும் போடுவதில்லை. ஹைஃபனேட்-கேரக்டர் என்ற பண்புக்கு வெற்று மேற்கோள் கொடுத்தால் கோடு போய்விடும். என் கவிதைப் பக்கத்தில் இதைக் கண்டுபிடித்த அன்று உண்மையிலேயே துள்ளினேன்.

வரி உயரத்தை 1.7 அளவுக்கு வையுங்கள். "கூ"வின் அடிச்சுழியும் கீழ் வரியின் "கீ"யும் முட்டிக்கொள்ளக் கூடாது.

மாணவர்2 எழுதியது:

லேடெக்குக்குப் பதில் டைப்ஸ்ட் பயன்படுத்தலாமே?

வெண்பலகை எழுதியது:

எழுத இனிமையான மொழி, புதிதாகத் தொடங்குபவர்கள் பார்க்கலாம். 2025 பிப்ரவரியில் வந்த 0.13 பதிப்பில்தான் எச்டிஎம்எல் வெளியீட்டைச் சோதனை முறையில் சேர்த்தார்கள். 180 பக்கத்தை இன்று அதை நம்பி நகர்த்தச் சொல்ல மாட்டேன்.

அணிக்கோவை எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன். முதல் மூன்று அத்தியாயங்கள் முடிந்தன. ஸ்பிளிட்அட் விருப்பம் போட்டு ஒவ்வொரு பிரிவையும் தனிப் பக்கமாக்கினேன், போனில் சீக்கிரம் திறக்கிறது. தலைப்பகுதியைப் பிரிக்கும்போதுதான் கவனித்தேன், அத்தியாயங்களுக்குள் 61 இடங்களில் கையால் இடைவெளி போட்டிருக்கிறேன், 23 இடங்களில் "மேலே உள்ள தேற்றம்" என்று எண்ணே இல்லாமல் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒழுங்கான இணைப்பாக்கினேன். ஆச்சரியம், அச்சுப் பிரதியும் முன்பைவிட நன்றாக வருகிறது.

அந்த மாணவியிடம் கொடுத்தேன். கட்டை விரலால் மட்டும் நகர்த்தி 3.7-இன் நிறுவலை முடித்தாள். முடித்துவிட்டு, "மேடம், இரண்டாவது படியில் துணையணிக்குப் பதில் அணி என்று போட்டிருக்கிறீர்கள்" என்றாள். ஆறு வருடமாக அந்தப் பிழை அங்கேயே இருந்திருக்கிறது.

இனி நான்காம் அத்தியாயம். அதில் டிக்இசட் படங்கள் 14. இவற்றை எப்படி எடுப்பது?

ஈய எழுத்து எழுதியது:

ஒவ்வொரு படத்தையும் ஸ்டேண்டலோன் வகுப்பில் தனிக் கோப்பாக்கி, பிடிஎஃப் எடுத்து, டிவிஐஎஸ்விஜிஎம் நிரலால் எஸ்விஜி என்ற கோட்டுப்பட வடிவமாக்குங்கள். அச்சுக்கு பிடிஎஃப், வலைக்கு எஸ்விஜி. எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு மங்காது.

விரல்நுனி எழுதியது:

ஒவ்வொரு படத்துக்கும் ஆல்ட் உரை (திரைவாசிப்பான் படிக்கும் விளக்கம்) எழுதும்போது "வரைபடம்" என்று மட்டும் போடாமல், எந்தத் திசையன் எந்தப் பக்கம் போகிறது, எங்கே வெட்டுகிறது என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள் மேடம். முதல் படத்துக்கு எழுதியதும் இங்கே போடுங்கள். நான் கேட்டுப் பார்த்து, மனதில் படம் வருகிறதா என்று சொல்கிறேன்.

அணிக்கோவை எழுதியது:

சனிக்கிழமை போடுகிறேன்.